மேஜைக்குள் ஓடிய ஆறு

எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிட்ட மேஜைக்குள் ஒரு ஆறு ஓடும். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டால் கண்ணாடிக்கு அடியில் முதலில் பச்சையாக ஒரு புள்ளி வரும். அது மெதுவாக அகலமாகி நிலமாகும். நடுவில் நீலமாகத் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை.

அண்ணன் அதை டைனிங் டேபிள் என்று சொல்லித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தான். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம். கடைக்காரருக்கே அது என்னவென்று தெரியவில்லை. கண்ணாடி போட்ட மேஜை என்றுதான் விற்றார். அம்மாவுக்கு ரொம்ப நாளாக டைனிங் டேபிள் ஆசை உண்டு. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவள் கூடத் தைக்கிற யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து பிடித்துக்கொண்ட ஆசை. அதனால் ஒரு கேள்வியும் கேட்காமல் துடைத்து, மஞ்சள் பொட்டு வைத்து, எங்கள் நாலு பேருக்கும் அதிலேயே தட்டு வைத்துச் சோறு போட்டாள். காலை உள்ளே நீட்ட முடியாத டைனிங் டேபிள். எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் பிளக்கைச் சொருகினான். ரசம் சிந்திய இடத்துக்கு நேர் கீழே ஒரு கோட்டை தீப்பிடித்து எரிந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன்டா, இது டேபிளா, டிவியா?"

"ரெண்டும்தாம்மா" என்றான் அண்ணன்.

அது வீடியோ கேம். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் கடைகளில் காசு போட்டு ஆடிய மெஷின். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு ஸ்டிக், ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு வெள்ளைப் பொத்தான். எழுத்தெல்லாம் ஜப்பானோ சீனாவோ, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆடி ஆடித்தான் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் முதலில் கொஞ்ச நேரம் கொடுக்கும். அதற்குள் ஸ்டிக்கை அசைத்து, மின்னுகிற கட்டத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், இங்கே சுவர், இங்கே பாலம், இங்கே பத்து ஆட்கள் என்று சிவப்புப் பொத்தானை அமுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மணி அடித்தால் அதோடு சரி. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். நாம் நிறுத்திய ஆட்கள் நாம் போட்ட பாலத்தில் நடந்துபோய் ஒன்று சாவார்கள், இல்லையென்றால் எதிர்க் கோட்டையைப் பிடிப்பார்கள்.

அப்பா ரோஜாப்பூ டெம்போ ஓட்டுபவர். பாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு தினமும் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போய்வருவார். அவர் அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, "நடுவுல ஆறு இருக்குதுன்னா ஒரு பக்கம் கர்நாடகா, ஒரு பக்கம் நாம" என்றார். அம்மா பிறந்த வீட்டில் பேச்சு கன்னடம். "அப்ப நான் எந்தப் பக்கம் உட்காரணும்?" என்று அவள் கேட்டாள். அதற்கப்புறம் யார் மெஷினைப் போட்டாலும் அப்பா இதைச் சொல்வதும் அம்மா அதைக் கேட்பதும் வழக்கமாகிப்போனது. ஆனால் இரண்டு பேரும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தது நான்தான். அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவன். ஐடிஐ முடித்துவிட்டு சிப்காட்டில் பேனல் போர்டு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் வயரிங் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் முழுக்க அவனே ஜெயித்தான். என் ஆட்கள் ஆற்றில் விழுந்து விழுந்து செத்தார்கள். ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் எதிலும் நான் கடைசிதான், வீட்டிலும் கடைசியா என்று எனக்கு அழுகை வந்தது. இனிமேல் உன்கூட ஆட மாட்டேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். சொன்னபடியே இருந்தேன்.

அந்த மெஷினில் ஒரு விஷயம். இரண்டு வெள்ளைப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ஆட்டம் தொடங்கும். ஒரு ஆளாக உட்கார்ந்தால் ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், வேறு ஒன்றும் நடக்காது. அண்ணன் மேஜை மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டி இரண்டையும் அமுக்கிப் பார்த்தான். ஆட்டம் தொடங்கியது. எதிரில் ஆளில்லாத கோட்டையைப் பிடித்து என்ன செய்வது? கம்பெனி நண்பர்களைக் கூட்டிவந்தான். அவர்கள் இதில் கார் ரேஸ் இல்லையா என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவைக் கெஞ்சினான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மெஷின் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தும் ஒரு மெஷினா என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தெருவில் ஆடிவிட்டு வந்தபோது அண்ணன் மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே தூசி நிறைய இருந்தது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன், ஒரே ஒரு ஆட்டம் வா குட்டி என்றான். போனால் போகிறது என்று உட்கார்ந்தேன். ஜெயித்தேன். அடுத்ததும் நானே ஜெயித்தேன். மூன்றாவதில் அவன் ஜெயித்தான், ஆனால் ரொம்பக் கஷ்டப்பட்டு. தூசியில்தான் இத்தனை நாள் என் ஆட்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டுப் பாடத்தை உட்காராமலேயே எழுதிவிட்டு மெஷினுக்கு வந்து காத்திருப்பேன். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து, கையில் கிரீஸ் போக சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவான். அவன் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மின்னுகிற கட்டம் படத்தின் வலது ஓரத்தில் வெளியே போனால் இடது ஓரத்தில் வந்து நுழையும். அண்ணன் பக்கத்துக் கட்டத்தில் ஒரு சுவர் வைக்க வேண்டும் என்றாலும் இப்படி ஊரையே சுற்றிக்கொண்டு வருவான். அவன் வந்து சேர்வதற்குள் நான் பாலம் போட்டு ஆட்களையும் நிறுத்தியிருப்பேன். நான் அவனுக்கு ஆமை என்று பேர் வைத்தேன். "ஆமை, மணி அடிக்கப் போவுது, சீக்கிரம்" என்று கத்துவேன். "இரு இரு, வந்துட்டே இருக்கறேன்" என்பான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், எங்கள் அண்ணன் ஃபேக்டரியில் கரண்ட் வேலை பார்க்கிறவன், அவனையே நான் தோற்கடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்த ஒன்றுதான் நன்றாக வந்தது.

அடுத்த கோடையில் பச்சை நிலம் மங்க ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் கறுத்தன. அப்புறம் ஆறு ஒரு கோடாக மெலிந்தது. பிக்சர் டியூப் போய்விட்டது என்றான் அண்ணன். ஓசூரில் டிவி ரிப்பேர் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். இந்த அளவில் யாரிடமும் இல்லை. கடைசியில் ஒரு மெக்கானிக்தான், கிருஷ்ணகிரியில் முன்பு வீடியோ கேம் கடை வைத்திருந்த ஒரு பாய் இருக்கிறார், இப்போது மாங்காய் வியாபாரம், இதே மாதிரி மேஜை ஒன்று அவர் குடோனில் கிடக்கிறது, ஆனால் யார் கேட்டும் கொடுக்கவில்லை என்று சொன்னார். அந்த டியூப் கிடைக்காவிட்டால் நான் மறுபடியும் எல்லாவற்றிலும் கடைசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். குடோன் முழுக்க மாங்காய் வாசம். மூலையில் பிளாஸ்டிக் கிரேட்களுக்கு அடியில் அந்த மேஜை இருந்தது. எங்களுடையதைப் போலவே. ஆனால் ஒரு கீறல் கூட இல்லை. பாய் அப்பாவை விட வயதானவர். மேலே இருந்த கிரேட்களை அவரே இறக்கி, தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. டியூபுக்காக வந்தோம் என்று நேராகச் சொல்லிவிட்டான். பாய் முகம் மாறிவிட்டது.

"டியூப்ப எடுத்துட்டா மீதிய என்ன பண்றது? மாங்கா கொட்டி வைக்கவா? பிரிச்சுப் போடறவனுக்குக் குடுக்கறதா இருந்தா எப்பவோ குடுத்துருப்பேன் தம்பி" என்றார். கடையை மூடிய பிறகு மற்ற மெஷின்களையெல்லாம் விற்றுவிட்டாராம். இதை மட்டும் மனசு வரவில்லையாம். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். எதிரில் உட்கார ஆள் இல்லாமல் ரொம்ப வருடமாக அது சும்மா கிடக்கிறது. பேசிக்கொண்டே வந்தவர் அண்ணனைப் பார்த்து, "உனக்கு ஆடத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றான். "உட்காரு. பாக்கலாம்."

பாய் சுவிட்சைப் போட்டார். எங்கள் வீட்டு ஆறு ஒரு நாளும் இவ்வளவு நீலமாக இருந்ததில்லை. இரண்டு பேரும் வெள்ளைப் பொத்தானை அமுக்கினார்கள். பாயின் கை அந்த வயதிலும் பறந்தது. அண்ணன் வழக்கம் போல வலது பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனான். இடது பக்கம் ஒரே ஒரு கட்டம் நகர வேண்டிய இடத்திலும் அப்படியே. பாய் சிரித்துவிட்டார். "என்னப்பா நீ, பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு பெங்களூரு போய்ட்டு வர்ற?"

"கை பழக்கம் பாய்" என்றான் அண்ணன். ஒரு தடவை ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளப் போனதைப் பார்த்தேன். தள்ளவில்லை, பழையபடி வலதுக்கே போய்விட்டது கை.

தோற்றான். மறுபடி ஆடித் தோற்றான். பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆடத் தெரியாத ஆளிடம் கொடுத்து என்ன செய்ய என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் முன்னால் போய் நின்றேன்.

"அவன் எப்பவும் இப்படித்தான். வீட்ல நான்தான் ஜெயிப்பேன். என்கூட ஆடுங்க."

பாய் குனிந்து என்னைப் பார்த்தார். "எப்பவும் நீதானா?"

"எப்பவும்."

"உங்க வீட்டு மெஷின்ல உன் பக்கத்து ஸ்டிக்கு நாலு பக்கமும் போவுதா பாப்பா?"

"போவுமே."

"அண்ணன் பக்கத்து ஸ்டிக்கு?"

"தெரியாது. அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்ல. அது தோக்கற பக்கம்."

அண்ணன் மாங்காய் கிரேட்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. தோற்ற வெட்கம் என்று நினைத்தேன். பாய் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "ஒரு கையக் கட்டிக்கிட்டு சண்டைக்குப் போற ஆளாப்பா நீ" என்றார். அவர் அண்ணனைக் கிண்டல் செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

நான் ஜெயித்தேன். சும்மா இல்லை, அவர் கோட்டைக் கொடி கீழே விழுகிற மாதிரி ஜெயித்தேன். வேடிக்கை என்னவென்றால் என்னோடு ஆடும்போது பாயின் கையும் வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போனது. பாவம், அண்ணனிடமிருந்து இவருக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்தேன்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் பாய். "எதப் பிரிச்சு எதுல போடறியோ போட்டுக்க தம்பி. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆடணும், அவ்ளோதான்." விலை என்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வண்டியிலிருந்த ரோஜாக் கட்டுகளை மட்டும் தன் வீட்டுக்கென்று பாய் வாங்கிக்கொண்டார். நான் ஜெயித்ததால் கொடுத்துவிட்டார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணன், "ஆமா குட்டி, உன்னாலதான்" என்றான்.

சூளகிரி தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் அண்ணன் பின்னால் போய்ப் பார்த்தான். டெம்போவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா எத்தனையோ வருடமாகப் பூ ஏற்றுகிறவர். வண்டியில் எதை ஏற்றினாலும் கோணிச்சாக்கை நனைத்து மேலே போர்த்தினால்தான் அவருக்கு வண்டி எடுக்க மனசு வரும். மெஷினுக்கும் அப்படியே நன்றாக நனைத்துப் போர்த்தியிருந்தார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். "வெயில்ல வாடிடும்னு..." என்று ஆரம்பித்த அப்பா, பாதியில் தானே நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் எங்கள் மொட்டை மாடியில் அம்மா போட்டிருந்த கூழ் வடகத்துக்குப் பக்கத்தில் அந்த மெஷினின் போர்டுகளும் பழைய புடவை மேல் காய்ந்தன. இரண்டுக்கும் சேர்த்து நான் காக்காய் விரட்டினேன். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு அண்ணன் அந்த டியூபை எங்கள் மேஜையில் மாட்டினான். டியூப் எரிந்தது. ஆறு ஓடியது. அம்மா முதல் தட்டு வடகத்தைப் பொரித்து அந்தக் கண்ணாடி மேலேயே கொட்டினாள்.

அதற்கப்புறம் அண்ணனுக்கு அது ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. அதே மேஜை எங்கே கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவான். ஊத்தங்கரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மழையில் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்தான். சாப்பிடுகிறவர்கள் நாலு பேர், டைனிங் டேபிள் மூன்று என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். எங்கிருந்தோ இன்னொரு டியூபைத் தேடிப்பிடித்து, பாய் கொடுத்ததையும் ஓடுகிற மாதிரி ஆக்கிவிட்டான். ஊத்தங்கரை மேஜையும் ஓடியது. எந்த மேஜையில் ஆடினாலும் அவன் ஆமைதான். மூன்று மெஷின் வந்தும் உனக்கு ஆடத் தெரியவில்லையே என்று திட்டுவேன்.

நான் ஒன்பதாவதோடு நின்று கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஆட்டம் குறைந்துபோனது. எனக்கு ஒரு ஷிஃப்ட், அவனுக்கு ஒரு ஷிஃப்ட். அவன் போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மஞ்சள் காமாலை. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது அத்திப்பள்ளி தாண்டும் வரைக்கும் என்னோடு பேசிக்கொண்டுதான் வந்தான். அதை எழுத எனக்கு வரவில்லை.

அம்மா இப்போது தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. போன வாரம் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தவள், "இது இன்னும் ஓடுமா?" என்று கேட்டாள். நான் பிளக்கைச் சொருகினேன். புள்ளி வந்தது, நிலம் வந்தது, தண்ணீர் ஓடியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் வேண்டுமே. அம்மா நின்றபடியே பார்த்தாள். அப்புறம், "நான் எந்தப் பக்கம் உட்காரணும்?" என்றாள். எத்தனையோ வருடமாகக் கேட்ட அதே கேள்விதான். இந்தத் தடவை நிஜமாகக் கேட்டாள்.

நான் எப்போதும் உட்காரும் பக்கத்தில் அவளை உட்காரச் சொன்னேன். நான் அண்ணன் பக்கம் உட்கார்ந்தேன். முதல் தடவையாக.

இரண்டு பேரும் வெள்ளைப் பொத்தானை அமுக்கினோம். ஸ்டிக் இடது பக்கம் போகவில்லை. அதாவது ஸ்டிக் போனது, டக் என்று சத்தமும் கேட்டது, கட்டம் மட்டும் நகரவில்லை. உடைந்திருக்கும் போல என்று அண்ணனுடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து அடியில் இருந்த தகட்டைக் கழற்றினேன். எதுவும் உடைந்திருக்கவில்லை. இடது பக்கத்துச் சுவிட்சுக்குப் போகிற வயரை மட்டும் யாரோ கழற்றி, முனையை மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஆடாமல் ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். கம்பெனியில் பேனல் போர்டுக்குள் கட்டுவார்களே, அவ்வளவு நேர்த்தியாக. எழுந்து போய் மற்ற இரண்டு மேஜைகளையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரு பக்கம் மட்டும் அதே மாதிரி. ஊத்தங்கரை மேஜையில் டேப் புதுசாகக் கூட இருந்தது.

"ரிப்பேரா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா, நல்லாதான் இருக்குது" என்றேன். வயரை மாட்டவில்லை. தகட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வெள்ளைப் பொத்தானை இரண்டு பேரும் மறுபடி அமுக்கினோம். அம்மாவுக்கு எப்படிப் பாலம் போடுவது என்று சொல்லிக்கொடுத்தேன். தையல் மெஷினில் பழகிய கை, சட்டென்று பிடித்துக்கொண்டது. நான் இடது பக்கத்தில் ஒரு சுவர் வைக்க வேண்டியிருந்தது. வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். அந்தச் சுற்று ரொம்ப நீளம். ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும், கட்டம் தானே போகும், படத்தைப் பார்க்கக் கூட வேண்டியதில்லை. எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்கலாம். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். முகத்தில் ஆற்றின் நீலம். "என்னடி, வந்து சேர மாட்டியா?" என்று நிமிராமலேயே கேட்டாள். குரலில் ஜெயிக்கப் போகிற சிரிப்பு இருந்தது.

நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.